ஓட்டை மலை தெரிகிற ஊர்

அக்கா,

நேற்றுப் பின்னேரம் உங்கள் மகன் ஜூட் வந்தான். ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் நீங்கள் இருந்த அப்பார்ட்மென்ரை மாத முடிவுக்குள் ஒப்படைக்க வேண்டுமாம். வைப்பதா எறிவதா என்று தனக்குத் தெரியாததையெல்லாம் ஒரு பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தான். ஒற்றைத் தோடு, அறுந்த செபமாலை, எந்தப் பூட்டுக்கென்று தெரியாத திறப்புகள். அடியில் கமெரா பிலிம் போட்டு வருகிற சின்ன வெள்ளை டப்பா ஒன்று. மூடியைச் சுற்றி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. அவன் அதைக் காதருகே பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"அன்ரி, இதென்ன? உள்ளுக்கை பிரவுண் பவுடர். சீரியஸ்லி, அம்மா என்ன பிஸ்னஸ் செய்தவா?" என்று சிரித்தான்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரியும். அது இங்கே இருக்கக்கூடாத பொருள், அக்கா. இத்தாலியில் ஒரு மலைக்கிராமத்து மாதாவின் காலடியில் அந்த மண் எப்போதோ கொட்டப்பட்டிருக்க வேண்டும். கொட்டிவிட்டீர்கள் என்றுதான் இத்தனை வருடமும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தப் பிளாஸ்ரரை ஒட்டியதும் நான்தான். நுனியைப் பிறகு உரிக்கச் சுகமாக இருக்கட்டும் என்று உள்ளே மடித்து ஒட்டுவது என் பழக்கம். மடித்த நுனி மடித்தபடியே இருந்தது.

பெட்டியை விட்டுவிட்டுப் போ, பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே இன்னொன்றும் கேட்டான். கோடையில் சிநேகிதர்களோடு ஐரோப்பா போகிறானாம், இத்தாலிக்கும் போவானாம். நீங்கள் போன அந்த ஊர் எது என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்தினேன். அதற்குப்பிறகு விடியும்வரை இந்த மேசையை விட்டு எழும்பவில்லை.

உங்களுக்கு என்னைத் தெரியும். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ் தரிப்பிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடத்தில் எலிவேற்றர் நடுவழியில் நின்றபோது நான் அழுததும், நீங்கள் என் பையை வாங்கி அதிலிருந்த கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து இதில் புழு, இதில் புழு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததும்தானே நம்முடைய முதல் சந்திப்பு. மன்னார்க்காரி, வேதக்காரி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. ஒரே பிள்ளை. அடுத்த கதவு. அன்றிலிருந்து என் பயங்களையெல்லாம் உங்கள் கதவில்தான் தட்டினேன். உங்களுக்கென்று ஒரு பயம் இருந்தது எனக்கு வெகுகாலம் தெரியாது.

அது தெரியவந்தது ஜூட்டுக்குப் பதினாறு வயதில். பள்ளிக்கூடத்தில் ஓடும்போது மூச்சு வாங்கி நிலத்தில் இருந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் இதயத்து வால்வு பழுது, ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல்தான் அதைக் கெடுத்திருக்கிறது, அப்படி ஏதும் வந்ததா என்று டொக்டர் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சப்வேயில் வரும்போது, இரைச்சலுக்கு நடுவே, என் காதுக்குள் சொன்னீர்கள்: "எந்தக் காய்ச்சலெண்டு எனக்குத் தெரியும். அவ தந்ததைத் திருப்பிக் கேக்கிறா."

பிறகு வீட்டில் தேத்தண்ணி ஆற ஆற முழுக்கதையும் வந்தது. கனடாவுக்கு வருகிற வழியில் ஏஜென்சிக்காரன் உங்களை இத்தாலியில் ஒரு மலைக்கிராமத்து வீட்டு மேல்தட்டில் பூட்டி வைத்திருந்தான். மூடிய வான் வண்டியில் இருட்டோடு கொண்டுவந்தான், இருட்டோடு கொண்டுபோனான். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, கேட்கவும் விடவில்லை. அங்கேதான் எட்டு வயது ஜூட்டுக்குக் காய்ச்சல் கொதித்தது. டொக்டரைக் கூப்பிட்டால் எல்லோரும் பிடிபடுவோம் என்று கூட இருந்தவர்கள் உங்களைக் கும்பிட்டார்கள். யன்னலால் பார்த்தால் எதிர்ச் சுவரில் ஒரு மாடம், மாடத்துக்குள் மாதா, கீழே உடுப்புத் தோய்க்கிற கல்தொட்டி, அதற்கும் அப்பால் தூரத்து மலைத்தொடர். அதில் ஒரு மலையின் உச்சியில் ஊசிக்காது மாதிரி ஓட்டை, அதற்குள்ளால் ஆகாயம் தெரியுமாம். அந்த யன்னலில் நின்றுதான் நேர்ந்தீர்கள்.

மன்னார் ஆட்கள் மடு மாதா கோயில் மண்ணை வீட்டில் வைத்திருப்பார்கள், பயணம் போனால் கொஞ்சம் முடிந்துகொண்டு போவார்கள் என்று உங்களால்தான் எனக்குத் தெரியும். உங்கள் சேலைத்தலைப்பிலும் ஒரு முடிச்சு இருந்தது. அந்த மண்ணைப் பிள்ளையின் நெற்றியில் பூசிவிட்டு, யன்னலுக்கு வெளியே இருந்த மாதாவிடம் சொன்னீர்கள்: "இவன் பிழைச்சால் இவனையே கூட்டிக்கொண்டு வந்து உன்ரை காலடியிலை இருத்தி, மடுவின்ரை மண் ஒரு பிடி உனக்குப் போடுவன்."

காய்ச்சல் இறங்கியது. நீங்கள் கனடா வந்தீர்கள். அகதி வழக்கு, பேக்கரி வேலை, பள்ளிக்கூடம் என்று வருடங்கள் ஓடின. நேர்த்தி அப்படியே நின்றது.

நான் நல்லூர்ப் பக்கத்து ஆள். எங்களுக்கும் நேர்த்தி நேர்த்திதான். காவடி நேர்ந்தவன் பால்செம்போடு தப்ப ஏலாது. அதனால் உங்களுக்கு விசர் என்று மற்றவர்கள் சொன்னபோது நான் சொல்லவில்லை. ஆனால் எந்த ஊரென்று தேடுவது? அதற்கு உங்கள் பேக்கரியில் வேலை செய்த இத்தாலிக்காரி ஒருத்தி வழி காட்டினாள். நீங்கள் கையாலும் மாவாலும் அவளுக்கு விளக்கியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் தந்த கூழ் நம்முடைய பனங்கிழங்கு ஒடியல்மா நிறம், கொஞ்சம் இனிப்பு என்றதும், அது கஷ்கொட்டை மாக்கூழ் என்றாளாம். ஓட்டை மலை என்றதும் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக் கத்தினாளாம். அது அவளுடைய லூக்கா மாகாணத்து மலை. அந்த மலை தெரிகிற பள்ளத்தாக்கில்தான் ஊர் இருக்க வேண்டும். எத்தனை ஊர் இருக்கும் என்று கேட்டதற்கு, அவள் இரண்டு கையையும் விரித்துத் தோளைக் குலுக்கியதை நீங்கள் எனக்கு நடித்துக் காட்டினீர்கள்.

ஒப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதுவரை ஜூட் பிளேனில் ஏறக்கூடாது என்றார்கள். மகனுக்குப் பதிலாக அவனுடைய நீலச் சேர்ட் ஒன்றை மடித்து வைத்தீர்கள். வீட்டில் வைத்திருந்த மடு மண்ணை டப்பாவுக்குள் போட்டீர்கள். அவனை உங்கள் மச்சாளிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். நோயாளிப் பிள்ளையை விட்டுவிட்டு ஊர் பார்க்கப் போகிறாள் என்று கட்டடம் முழுக்கக் கதைத்தது.  நான் ஏன் கூடப் போனேன்? கியர் கார் ஓடத் தெரிந்தவர்களில் லீவு எடுக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். ஊரில் அப்பாவின் பழைய ஏ ஃபோர்ட்டிக் காரை மானிப்பாய் வீதியில் நாலைந்து தரம் ஓட்டியதை உங்களிடம் பெருமையடித்தது என் வாய்க்கொழுப்பு.

விமான நிலையத்து வரிசையில் நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். போன தரம் களவாக வந்து களவாக வெளியேறிய நாட்டுக்கு இந்தத் தரம் கனடாப் பாஸ்போர்ட்டோடு வாசலால் போகிறீர்கள். அதுவும் பைக்குள் பழுப்புத் தூளோடு. நான் நினைத்தபடியே ஒரு அதிகாரி டப்பாவைத் திறந்தான், மணந்தான், எங்களைப் பார்த்தான். நீங்கள் சிலுவை அடையாளம் போட்டு "மரியா" என்றீர்கள். அவன் மற்ற அதிகாரியைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் விரலில் தொட்டுப் பார்த்தார்கள். அந்த நேரத்துக்குள் நான் மனதுக்குள் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணி, என் பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் முடித்துவிட்டார்கள். கடைசியில் மூடித் திருப்பித் தந்தான். வாடகைக்காருக்குள் இருந்துதான் என் கைப்பைப் பிளாஸ்ரரால் அந்த மூடியைச் சுற்றினேன். என் கை நடுங்கியதால் ஒருபக்கம் கோணல். அந்தக் கோணலும் நேற்று அப்படியே இருந்தது.

அந்தப் பள்ளத்தாக்கு அழகாக இருந்தது என்று பிறகு எல்லோருக்கும் சொன்னேன். அப்போது எனக்கு அழகு தெரியவில்லை. ஆற்றோரம் போகிற பெருவீதியில் முதுகு வளைந்த பழைய பாலம் ஒன்றைக் கண்டோம். பிசாசு கட்டிய பாலம் என்று பெற்றோல் நிலையத்துக்காரன் சொன்னான். நல்ல சகுனம் என்று நான் முணுமுணுத்தேன். அங்கிருந்து ஒவ்வொரு ஊருக்கும் மேலே ஏற வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கஷ்கொட்டைக் காடு, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வளைவுக்கு வளைவு ஹோன் அடித்தேன். நேர்வீதியிலும் அடித்தேன். நீங்கள் மடியில் மாகாணத்து வரைபடத்தை விரித்து, வலப்பக்கம் வை மதி, வலப்பக்கம் வை என்று செபம் மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

முதலில் பார்கா என்ற ஊரில் தேடினோம். அங்கே மேலே பெரிய கோயில் வாசலில் நின்றால் ஓட்டை மலை கண்ணுக்கு நேரே. உங்கள் கை என் கையை இறுக்கிய இறுக்கில் வளையல் பதிந்தது. கல்படி கல்படியாக, சந்து சந்தாக ஏறி இறங்கினோம். மாடம் இருந்தால் தொட்டி இல்லை, தொட்டி இருந்தால் மலை தெரியவில்லை. கொரெலியா என்ற ஊரில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது முந்தி சாந்துச் சிலை வார்த்து உலகம் முழுக்க விற்ற ஆட்களின் ஊர். திரும்பிய பக்கமெல்லாம் மாதா. ஒரே அச்சில் வார்த்த ஒரே முகம். வீதியோரத்து மாடங்களிலும் அதே முகம். நீங்கள் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, பிறகு முதுகைத் திருப்பி எதிர் யன்னல்களைப் பார்ப்பீர்கள். நீங்கள் மாதாவைத் தேடவில்லை, அந்த யன்னலைத்தான் தேடினீர்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. யன்னல்களில் கிழவிகள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு கறுத்தப் பெண்கள் தங்கள் வீட்டை அளவெடுப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானங்களில் கோப்பிக் கடைப் போனிலிருந்து ரொறன்ரோவுக்கு எடுப்பீர்கள். ஜூட் நித்திரைக் குரலில், "அம்மா, ஐ ஆம் ஃபைன். எனக்கு ஒண்டுமில்லை. நீங்க வாங்கோ," என்பான். போனை வைத்தபிறகும் அதைப் பிடித்தபடி நிற்பீர்கள். அவன் மூச்சு வாங்கிக் கதைக்கிறானா என்று என்னிடம் கேட்பீர்கள், நான் கேட்காத குரலைப் பற்றி.

கடைசி நாள் காலையில்தான் அது நடந்தது. இன்னும் மேலே இருந்த ஒரு ஊருக்கு ஏறினோம். வளைவில் விறகு ஏற்றிய லொறி முன்னால் வந்துவிட்டது. நான் பின்னுக்கு எடுத்தேன். கார் சட்டென்று சரிந்தது. பின்சில்லு ஒன்று வீதி விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. கண்ணாடியில் வெறும் ஆகாயம். லொறிக்காரன் ஓடி வந்து, சில்லுக்குக் கல் வைத்து, எங்களை ஒவ்வொருவராக இறக்கி, தானே காரை மேலே எடுத்து விட்டான். ஏதோ நீளமாகச் சொல்லி என் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனான். நான் மதகில் குந்தியிருந்து சத்தி எடுத்தேன். என் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். கையிரண்டும் காக்காவலிப்புக்காரன் கை மாதிரி ஆடியது. நீங்கள் உங்கள் பையைத் திறந்து, கையில் அகப்பட்ட துணியால் என் முகத்தையும் வாயையும் துடைத்தீர்கள். அது ஜூட்டின் நீலச் சேர்ட் என்று துடைத்து முடிந்த பிறகுதான் கண்டேன். ஐயோ அக்கா, நேர்த்திச் சேர்ட்டு என்றேன்.

"துணிதானே," என்றீர்கள்.

அந்த ஊருக்குள் நடந்தே போனோம். மூடுபனி இறங்கிவிட்டது. கோயில் மணிக்கோபுரத்தின் பாதியைக் காணவில்லை. ஒரு சந்து முனையில் மாடம், மாடத்தில் மாதா, கீழே கல்தொட்டி. நீங்கள் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். என்னை வெகுநேரம் பார்த்தீர்கள். "இதுதான் மதி. நல்ல வடிவாய்த் தெரியும். இதுதான்," என்றீர்கள்.

நான் உங்களைக் கட்டிப்பிடித்து ஊரே கேட்கத் தேம்பினேன். சேர்ட்டைத் தொட்டித் தண்ணீரில் அலசிப் பிழிந்து மாதாவின் காலடியில் விரித்தீர்கள். மெழுகுதிரி கொளுத்த நெருப்புப்பெட்டி வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பினீர்கள். நான் திரும்பி வந்தபோது முழங்காலில் இருந்தீர்கள், கையைத் தட்டித் துடைத்தபடி. மண் போட்டாச்சா என்று கேட்டேன். "ஓம், எல்லாம் முடிஞ்சுது. நீ இனி ஆறுதலாக் காரை ஓடு," என்றீர்கள். கீழே இறங்கும்போது நான் ஒரு வளைவிலும் ஹோன் அடிக்கவில்லை. அவ்வளவு தைரியம் வந்துவிட்டது எனக்கு.

ஓட்டை மலையைப் பற்றி நான் கேட்கவேயில்லை, அக்கா. அந்தப் பனிக்குள் எந்த மலையும் தெரியவில்லை. தெரியாத மலையை வைத்து எப்படி இதுதான் என்றீர்கள் என்று நேற்றுவரை எனக்குத் தோன்றவில்லை. நேற்று டப்பாவைக் கையில் எடுத்ததும்தான், அந்தச் சந்தில் நீங்கள் என் முகத்தைப் பார்த்த பார்வை திரும்பி வந்தது. இன்னும் ஒரு மலை ஏறினால் இவள் செத்துப்போவாள் என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் மகனின் உயிரை ஒரு தட்டிலும் என் நடுங்குகிற கையை மறுதட்டிலும் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். பொய் சொன்னீர்கள். ஆனால் மடுவின் மண்ணைப் பொய்யான இடத்தில் கொட்ட உங்களுக்கு மனம் வரவில்லை.

அதை நினைத்தால் எனக்கு அந்த ஒப்பரேஷன் நாள்தான் ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரி அறையில் காலை முழுக்கக் காத்திருந்தோம். நான் தெளிவாக இருந்தேன். என் வாழ்க்கையில் நான் பயப்படாமல் இருந்த ஒரே காத்திருப்பு அது. நேர்த்தி தீர்ந்துவிட்டதே, இனி என்ன என்று சான்விச் சாப்பிட்டேன். உங்களுக்கும் ஒரு துண்டு நீட்டினேன். நீங்கள் கைப்பையை மடியிலிருந்து இறக்காமல், இரண்டு கையாலும் அதை அமத்திப் பிடித்தபடி இருந்தீர்கள். "ஒண்டும் நடவாது மதி. குடுத்தாச்சுத்தானே," என்று எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். எனக்கு! அந்தப் பைக்குள் இந்த டப்பா இருந்திருக்கிறது. கொடுக்காத நேர்த்தியை மடியில் வைத்துக்கொண்டு, கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் நீங்கள் என்ன பாடு பட்டிருப்பீர்கள். டொக்டர் வந்து எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொன்னபோது உங்கள் கால் மடங்கி நீங்கள் விழுந்ததைச் சந்தோஷம் என்று நினைத்தேன்.

அதற்குப்பிறகு நான் அந்தப் பயணத்தைச் சொல்லாத கலியாணவீடு இல்லை. மார்க்கம் நகரில் என் தம்பியின் வீடு குடிபூரலில்கூட, நானல்லோ இத்தாலி மலையெல்லாம் கார் ஓடின ஆள் என்று அளந்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்து வடை கடித்தீர்கள். ஒவ்வொரு வருடமும் வெயில் வரத் தொடங்கும்போது ஒரு கேள்வி கேட்பீர்கள்: "உன்ரை பாஸ்போர்ட் இன்னும் செல்லுமோ?" சும்மா கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். செல்லும் அக்கா, ஏன் என்று ஒரு தரமாவது திருப்பிக் கேட்டிருக்கலாம். போன பனிக்காலம், பேக்கரியிலிருந்து வந்து கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. கேட்க ஆள் இல்லை.

இரவு முழுக்க யோசித்தேன். ஜூட்டிடம் சொல்வதா, விடுவதா? அவன் இந்த நாட்டில் வளர்ந்தவன். நேர்த்தி என்றால் சிரிப்பான் என்று பயம். சிரிக்காவிட்டால், தன் நெஞ்சுக்குள் ஏதோ தீராத கடன் இருக்கிறது என்று பயப்படுவான் என்று அதைவிடப் பயம். விடிந்ததும் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சேர்ட்டில் என் வாயைத் துடைத்ததையும் சொன்னேன்.  

"அன்ரி, அப்ப அம்மா கொண்டுபோறன் எண்டு சொன்னது என்னையெல்லோ," என்றான். "சேர்ட் இல்லை. மீ." பிறகு, "பட் எனக்கு ஸ்ரிக் கியர் ஓடத் தெரியாது. அங்கை யார் ட்ரைவ் பண்ணுறது?" என்று கேட்டான்.

நான் ஓடுறன் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கை நடுங்கத் தொடங்கிவிட்டது. இதை எழுதும்போதும் நடுங்குகிறது; எழுத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். செல்லும், அக்கா.

டப்பாவை என் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். பிளாஸ்ரரை உரிக்கவில்லை. எனக்கு இந்தத் தரமும் பயம் வரும், மதகில் இருந்து அழுவேன், அது நிச்சயம். ஆனால் என் முகத்தைப் பார்த்து இதுதான் என்று சொல்ல இப்போது நீங்கள் இல்லை. அதனால் பனி விலகி அந்த ஓட்டைக்குள்ளால் ஆகாயம் தெரிகிறவரைக்கும் நான் ஓட்டத்தான் வேண்டும்.

மதி